ஆயா கழற்றிய முகமூடி

அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நல்லதாகத்தான் எழுத வேண்டியிருக்கும். இத்தனை காலம் எழுதாமல் இருந்ததற்கு அது ஒன்றுதான் காரணம்.

எங்கள் தேயிலைத் தோட்டம் பசறையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அப்பா அங்கே தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர். அவள் பிள்ளைக்காம்பரா ஆயா. தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்கு ஏறியதும் அவர்களுடைய முப்பது நாற்பது பிள்ளைகளை ஒரு நீள அறைக்குள் வைத்துச் சாயங்காலம் வரை பார்த்துக்கொள்வது அவள் வேலை. குள்ளமான உருவம். சின்ன வெங்காயம் மாதிரி ஒரு கொண்டை. கம்மிய குரல். பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துத் துடைத்து முந்தானையின் ஒரு மூலை எப்போதும் ஈரமாகவே இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. பார்த்தவர்கள் யாரும் பொறாமைப்பட எதுவும் இல்லாதவள். நான் பட்டேன்.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. பதுளையில் எஸ்.எஸ்.சி. வரை படித்து முடித்து, டீச்சர் வேலைக்கு மனுப் போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துச் சின்னக் கிறிஸ்தவக் கோயிலில் ஞாயிறு பள்ளி நடத்தினேன். வீட்டில் அப்பாவும் நானும் என் தங்கை எஸ்தரும்தான். எஸ்தர் எட்டு மாதக் குழந்தையாக இருக்கும்போது அம்மா காய்ச்சலில் போய்விட்டார். அன்றிலிருந்து அவளுக்குப் பால் கரைத்தது, பேன் பார்த்தது, சட்டை தைத்தது எல்லாம் நான். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு வராமல் நேரே பிள்ளைக்காம்பராவுக்கு ஓடும். ஆறு வயது. அங்கே இருக்க வேண்டிய வயதுமில்லை, உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளை போக வேண்டிய இடமுமில்லை.

“அங்க என்ன இருக்கு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஆயா இருக்காங்க” என்றாள்.

ஆயாவுக்கு ஒரு குணம் இருந்தது. பிள்ளைகளைப் பயமுறுத்தமாட்டாள். யாரும் பயமுறுத்துவதைப் பார்த்துக்கொண்டும் இருக்கமாட்டாள். இதைப் படிக்கிறவர்களுக்கு இது ஒரு பெரிய குணமாகத் தெரியாது. ஆனால் அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்தில் பிள்ளைகள் பயத்தால்தான் வளர்ந்தார்கள். சோறு தின்னாவிட்டால் பூச்சாண்டி, அழுதால் சாக்குக்காரன், ஆற்றுப்பக்கம் போனால் மோகினி, ஒன்றும் வேலைக்கு ஆகாவிட்டால் தோட்டத்தை ஆளும் வெள்ளைக்காரத் தொரை. ஒரு தாய் தன் பிள்ளையிடம், “ஆயா சொல்றதக் கேக்கலன்னா அந்த மூலையில உள்ள பூச்சாண்டி புடிச்சிக்கிட்டுப் போயிருவான்” என்று சொல்லிவிட்டு மலைக்குப் போனாள். ஆயா அந்தப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போய், அங்கே கிடந்த சாக்கைத் தூக்கி உதறி, பிள்ளையை அதன்மேல் உட்காரவைத்துக் கஞ்சி கொடுத்தாள். சாயங்காலம் அந்தத் தாய் வந்தபோது, “அந்த மூலையில நா பாத்துட்டேம்மா. ஒன்னுமில்ல. நீயும் வந்து பாரு” என்று அவளையும் கையோடு கூட்டிப் போய்க் காட்டினாள். அந்தப் பெண்ணுக்கு வெட்கமாகிவிட்டது.

அம்மை ஊசி போடத் தோட்டத்து டாக்டரையா வந்த நாளும் நினைவிருக்கிறது. உதவிக்கு வரச்சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, “எறும்பு கடிக்கிற மாதிரிதான். ஒன்னுமே வலிக்காது” என்று நான் தேனாகப் பேசினேன். முதல் பிள்ளை கத்திய கத்தலில் வரிசை கலைந்து ஆளுக்கொரு பக்கம் ஓடிவிட்டது. ஆயா பின்னாலேயே போய் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வந்தாள்.

“வலிக்கும்” என்றாள் அவர்களிடம். “டீச்சரம்மா ஒங்களுக்குப் பாவம் பாத்து சொன்னாங்க. வலிக்கும், அழுகையும் வரும். அழுவுறவங்க அழுங்க. ஒன்னு ரெண்டு மூனு எண்றதுக்குள்ள முடிஞ்சிரும்.”

தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையாக மடியில் ஏற்றிக்கொண்டாள். அவர்கள் அழுதார்கள், ஆனால் ஓடவில்லை. எஸ்தரின் முறை வந்தபோது நான் கையை நீட்டினேன். அவள் என்னைத் தாண்டிப் போய் அந்த மடியில் ஏறிக்கொண்டாள். டாக்டரையா என்னைப் பார்த்து, “ஆயாவுக்கு நல்ல கைராசி” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குசினியில் வேலையே இல்லாமல் பாத்திரங்களை இரண்டு தடவை விளக்கினேன்.

ஞாயிறு பள்ளிக்கும் அவள் வருவாள். பின்வரிசை வாங்குப் பலகையில் சிறுசுகளை வைத்துக்கொண்டு உட்காருவாள். அவள் வரத் தொடங்கிய பிறகு பன்னிரண்டு பிள்ளைகள் முப்பதானார்கள். மாதம் ஒருமுறை பதுளையிலிருந்து வரும் போதகர் ஒரு தடவை சபையார் முன்னால், “டீச்சர் படிப்பிக்கிறாங்க, ஆயா புள்ளைங்கள கொண்டுவந்து சேக்கிறாங்க. ரெண்டு பேரும் இந்தக் கோயிலுக்கு ரெண்டு கண்ணு” என்றார். இரண்டு கண்ணில் ஒன்று என்பது அன்று எனக்குப் பாராட்டாகத் தெரியவில்லை.

என் பெருமை என் படங்கள்தான். வெள்ளைத் துணியில் சாயம் தீட்டி நானே வரைவேன். அவற்றில் மிகப் பெரியது நரகப் படம். சிவப்பும் மஞ்சளுமாக நெருப்பு, அதற்குள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் மனிதர்கள், மேலே கொம்பு வைத்த சாத்தான். அதை விரித்தால் போதும், கோயிலுக்குள் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. பொய் சொல்கிறவர்கள், தாய் தகப்பனுக்குக் கீழ்ப்படியாதவர்கள், கோயிலுக்கு வராதவர்கள் எல்லாரும் இங்கேதான் போவார்கள் என்று கம்பால் தொட்டுக் காட்டுவேன். அந்த அமைதியைப் பார்க்க எனக்கு அவ்வளவு திருப்தியாக இருக்கும்.

ஒருநாள் நான் அதை விரித்ததும் ஆயா எழுந்தாள். பின்வரிசையில் இருந்த சிறுசுகளைச் சத்தம் போடாமல் ஒவ்வொன்றாக வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். சன்னல் வழியே பார்த்தேன். மருதாணி வேலிக்குப் பக்கத்தில் வட்டமாக உட்கார்ந்து, நான் சொல்லிக்கொடுத்த பாட்டையே கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் எஸ்தர்.

பாடம் முடிந்ததும் அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். “ஆயா, பாடம் நடக்கிறப்ப எந்திரிச்சிப் போறது மரியாதையா?”

“கோவிச்சுக்காதீங்க டீச்சரம்மா. நீங்க வரையிறது ரொம்ப அழகு. அதான் வெனை. பாக்குற சின்னதுங்க ராவுல பாயை நனைச்சிருதுங்க. காலையில தாய்மாரு அடிக்கிறாளுங்க.”

“பயம் இருந்தாத்தான் பக்தி வரும்.”

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். எதிர்த்துப் பேச யோசித்ததாகத் தெரியவில்லை. உண்மையாகவே யோசித்தாள். “எனக்கு அப்பிடி வரலிங்களே” என்றாள்.

நான் படத்தைச் சுருட்டிக்கொண்டேன். அவள் சொன்ன அந்த ஒரு வரியை நான் மன்னிக்கவில்லை.

அந்த வருடம் ஒக்டோபரில் தொரைசாணி பிள்ளைக்காம்பராவுக்கு வந்தார். எங்கள் தொரை ஸ்கொட்லாந்துக்காரர். அவர்கள் ஊரில் அந்த மாதக் கடைசியில் ஒரு பேய்த் திருநாள் உண்டாம். ஹாலோவீன் என்பார்கள். பேய் வேஷம் போட்டு விளையாடுவார்கள், பூசணிக்காயில் முகம் வெட்டி உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். தன் பிள்ளைகள் சீமைக்குப் படிக்கப் போய்விட்டதால் வீடு வெறிச்சென்று இருக்கிறது, தோட்டத்துப் பிள்ளைகளில் ஐந்து வயதுக்கு மேலானவர்களைச் சாயங்காலம் பங்களாவுக்குக் கூட்டிக்கொண்டு வா என்று ஆயாவிடம் அரைகுறைத் தமிழில் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு இங்கிலீஷ் தெரியும். எங்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் பிள்ளைக்காம்பராவுக்குப் போக வேண்டும். தாண்டித்தான் போனார்.

அடுத்த ஞாயிறு போதகர் வந்திருந்தார். ஆராதனை முடிந்ததும் நான் விஷயத்தை எடுத்தேன். அப்பாவும் ஆயாவும் பக்கத்தில் நின்றார்கள்.

“ஐயா, கிறிஸ்தவப் புள்ளைங்க பேய் விருந்துக்குப் போகலாமா? இது சாத்தானுக்குப் படையல் போடுற மாதிரி. யாரும் போகக்கூடாதுன்னு நீங்க சொல்லணும்.”

போதகர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோயில் கூரைக்குத் தகரம் கேட்டு அப்போதுதான் தொரைக்கு எழுதியிருந்தார்கள். “தொரைமாரும் கிறிஸ்தவங்கதானே” என்றார். “அவங்க அத வெளையாட்டுன்னுதான் செய்றாங்க. ஆனா நீங்க சொல்றதையும் தள்ளிவிட முடியாது.”

“தொரைசாணி கூப்பிட்டுப் போகாம இருந்தா நல்லா இருக்காது” என்றார் அப்பா.

போதகர் ஆயாவைப் பார்த்தார். “நீங்க என்னம்மா நெனைக்கிறீங்க?”

என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. நானாகத்தான் சொல்ல வேண்டும்.

“நா பங்களா சமையல்காரர்கிட்ட போயி விசாரிச்சேங்க” என்றாள் அவள். “பூசணிக்காய நானே பாத்தேன். பல்லு வெட்டி வச்சிருக்காரு. சிரிப்பாத்தான் இருக்கு. பேயிக்கி யாரும் பூசை போடல. கூட்டிட்டுப் போறேன் ஐயா. புள்ளைங்க சிரிச்சா இருப்போம். அழுதா கூட்டிட்டு வந்துருவேன்.”

“அவ்வளவுதானா?” என்றேன் நான்.

“அவ்வளவுதாங்க டீச்சரம்மா. எனக்குப் பேயப் பத்தித் தெரியாது. புள்ளைங்கள பத்தித்தான் தெரியும்.”

போதகர் முகம் தெளிந்துவிட்டது. “அப்ப அப்பிடியே செய்யுங்க” என்றார். வேத வசனங்களை எல்லாம் குறித்து எடுத்துக்கொண்டு வந்திருந்த காகிதத்தை நான் பைக்குள்ளேயே மடித்து வைத்துக்கொண்டேன்.

எஸ்தரைப் போகவிடமாட்டேன் என்றேன். அப்பா கேட்கவில்லை. கடைசியில் நானும் போனேன். அங்கே நின்று மனதுக்குள் ஜெபித்துக்கொண்டிருப்பேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் ஏதாவது கெட்டுப்போகும், அதைப் பார்க்க வேண்டும் என்றுதான் போனேன்.

ஆரம்பத்தில் எதுவும் கெடவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் இருந்தது. புல்வெளி ஓரமாகப் பத்துப் பன்னிரண்டு பூசணிக்காய்கள் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. ஒன்று எங்கள் ஒபிஸ் பெரிய கிளாக்கரின் சாடையில் இருக்கிறது என்று ஒரு பிள்ளை சொல்ல, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தொரைக்கு உதவியாக இருந்த சின்னதொரை படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு ஊளையிட்டபடி வந்தார். விரிப்புக்குக் கீழே அவருடைய நீளக் காலுறை தெரிந்தது. பிள்ளைகள் அவரைத் துரத்தினார்கள். பெரிய தொட்டியில் தண்ணீர் ஊற்றி, தோட்டத்து மரத்துப் பேரிக்காய்களை மிதக்கவிட்டிருந்தார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் கவ்வி எடுக்க வேண்டும். ஆயாவையும் செய்யச் சொன்னார்கள். முகமெல்லாம் தண்ணீராக, பல்லில் பேரிக்காயோடு அவள் நிமிர்ந்ததைப் பார்த்துத் தொரைசாணி கண்ணில் நீர் வரச் சிரித்தார். எஸ்தர் அவள் முகத்தைத் தன் பாவாடையால் துடைத்துவிட்டாள். நான் தனியாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

கடைசி விளையாட்டு கார் கொட்டகைக்குப் பக்கத்துச் சாமான் அறையில். சன்னலைச் சாக்கால் மூடி இருட்டாக்கியிருந்தார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே போக வேண்டும். செத்த மனிதனின் கண் என்று தோல் உரித்த தக்காளியைத் தொடவைப்பார்கள். குடல் என்று ஊறவைத்த நூடுல்ஸ். அதற்கு அப்பால் வேறு தோட்டத்திலிருந்து விருந்துக்கு வந்திருந்த ஒரு தொரை, கறுப்பு அங்கியும் மண்டையோட்டு முகமூடியும் போட்டுக்கொண்டு ஒளிந்திருந்தார். வாசலில் நின்ற சின்னக் கிளாக்கர் கதையைத் தமிழில் சொல்லிப் பிள்ளைகளை உள்ளே அனுப்பினார். எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகள் முதலில் போய்க் கத்திக்கொண்டே வெளியே ஓடிவந்து, வந்ததும் சிரித்தார்கள். ஆயா கொஞ்சம் தள்ளி, ஈரமான பிள்ளைகளுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். நான் அறை வாசலுக்குப் பக்கத்தில் நின்றேன்.

எஸ்தரின் முறை வந்தது.

“இன்னைக்கி செத்தவங்க எல்லாம் எந்திரிச்சி வர்ற நாளு” என்றார் சின்னக் கிளாக்கர், குரலைத் தாழ்த்தி.

எஸ்தர் அவரை நிமிர்ந்து பார்த்தாள். “எங்கம்மாவும் வருவாங்களா?”

அவருக்கு எங்கள் வீட்டுக் கதை தெரியும். ஆனால் அந்த நிமிடம் விளையாட்டின் வேகத்தில் இருந்தார். “வராம? உள்ளதான் இருக்காங்க. போயிப் பாரு.”

மற்றப் பிள்ளைகள் தயங்கித் தயங்கிப் போனார்கள். எஸ்தர் ஓடினாள். தக்காளியையும் நூடுல்ஸையும் தொடக்கூட நிற்கவில்லை. இருட்டுக்குள் “அம்மா” என்று கூப்பிடும் சத்தம் கேட்டது. பயந்து கூப்பிட்டது அல்ல, வந்துவிட்டேன் என்று சொல்கிற மாதிரி. அப்போதுதான் அந்தத் தொரை பாய்ந்திருக்க வேண்டும். இரண்டாவது முறை அவள் “அம்மா” என்றது வேறு குரல். அது நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. சுற்றி நின்றவர்கள் விளையாட்டு நன்றாக நடக்கிறது என்று சிரித்தார்கள்.

நான் வாசலில் இருந்து ஐந்தடி தூரத்தில் இருந்தேன். நடந்தது என்னவென்று அங்கே இருந்தவர்களில் எனக்கும் சின்னக் கிளாக்கருக்கும் மட்டும்தான் தெரியும். நான் ஏன் உள்ளே போகவில்லை என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். கைகால் ஓடவில்லை என்று சொல்லலாம். ஆனால் அந்தக் கணத்தில் என் மனதில் முதலில் வந்தது, ‘நான் அப்போதே சொன்னேனே’ என்பதுதான். அதில் ஒரு சந்தோஷம் இருந்தது.

ஆயா துவட்டிக்கொண்டிருந்த துண்டோடு என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். சன்னல் சாக்கைப் பிடித்து இழுத்தாள். சாயங்கால வெளிச்சம் உள்ளே விழுந்தது. எஸ்தர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். முன்னால் அந்தத் தொரை, என்ன செய்வதென்று தெரியாமல், இன்னும் முகமூடியோடு குனிந்துகொண்டிருந்தார். “கழட்டுங்க தொரை” என்றாள் ஆயா. அவருக்குத் தமிழ் அவ்வளவு தெரியாது போலிருக்கிறது, கழற்றவில்லை. அவள் கையை நீட்டி முகமூடியைப் பிடித்து இழுத்துக் கழற்றினாள். இழுத்த இழுப்பில் கட்டியிருந்த நாடா அறுந்தது.

உள்ளே ஒரு சிவந்த முகம் வேர்த்துக்கொண்டிருந்தது. நாற்பது வயது மனிதர். அவருக்கே பயமாக இருந்த மாதிரி தெரிந்தது.

“பாரு, மனுசந்தான். எப்பிடி வேர்த்திருக்கு பாரு” என்று சொல்லி, எஸ்தரைத் தூக்கிக்கொண்டு அவர் முகத்துக்குக் கிட்டே வந்தாள். எஸ்தர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். ஆயா அவசரப்படுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எஸ்தர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். அந்தத் தொரை, பாவம், தன் கைக்குட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார். வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஒரு தோட்டத்துப் பெண் வெள்ளைக்காரத் தொரையின் முகத்தில் கைவைத்ததை அங்கே இருந்த யாரும் அதுவரை பார்த்ததில்லை.

“நாங்க போயிட்டு வர்றோங்க” என்று தொரைசாணியிடம் கும்பிட்டுச் சொல்லிவிட்டு, பிள்ளைகளை வரிசையாக விட்டு, எஸ்தரைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

அன்று எஸ்தர் அவளை விட்டு இறங்க மறுத்துவிட்டாள். நான் கூப்பிட்டேன், இழுத்துப் பார்த்தேன். அவள் கழுத்தை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அப்பா, “விடு, காலையில வரட்டும்” என்றார். டீமேக்கர் வீட்டுப் பிள்ளை அன்று தொழிலாளர் லயத்துக் காம்பராவில் ஆயாவின் பாயில் தூங்கியது.

விடிந்ததும் கூட்டிவரப் போனேன். காம்பரா பூட்டியிருந்தது. கல்லறை மேட்டுப் பக்கம் போனதாகப் பக்கத்துக் காம்பராக்காரி சொன்னாள். அங்கே போனேன். அம்மாவின் கல்லறை முன்னால் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். எஸ்தர் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

“ஒங்கம்மா ஒடம்ப இங்கதான் வச்சோம்” என்று ஆயா சொல்லிக்கொண்டிருந்தாள். “நானும் மண்ணு போட்டேன். நீ அன்னைக்கி என் இடுப்புல இருந்த. அந்தப் பங்களா ரூமுக்குள்ள அவங்க இல்ல. அவங்க யாரையும் பயமுறுத்த வர்ற ஆளு கெடையாது. ரொம்ப மெதுவா பேசுவாங்க.”

“என்ன பேசுவாங்க?”

“ஒன்னைய ‘குட்டி’ம்பாங்க. பேரச் சொல்லிக் கூப்பிடவே மாட்டாங்க.”

எனக்கு அது மறந்தே போயிருந்தது. அம்மா அவளைக் குட்டி என்றுதான் கூப்பிடுவார். நான் எஸ்தரை ஒருநாளும் அங்கே கூட்டிப்போனதில்லை. அம்மாவைப் பற்றி நான் அவளுக்குச் சொன்னதெல்லாம், ‘நீ குழப்படி செய்தால் அம்மா மேலே இருந்து பார்த்துக்கொண்டிருப்பார்’ என்பது மட்டும்தான். இப்போது என் அம்மாவையும் இவள்தான் எஸ்தருக்கு எடுத்துக் கொடுக்கிறாள். நான் எஸ்தரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

அன்று பத்து மணிக்கு ஒபிசிலிருந்து ஆள் வந்தது. நடந்ததைப் பார்த்தவர்களில் இங்கிலீஷ் தெரிந்தவள் என்பதால் தொரை என்னைக் கூப்பிட்டிருந்தார். சின்னக் கிளாக்கரை ஏற்கெனவே விசாரித்தாயிற்று. தான் சொன்ன பொய்யை அவர் எப்படிச் சொல்வார்? அப்பாவும் கூட வந்தார். தொரை கெட்டவர் அல்ல. நிதானமாகத்தான் கேட்டார்.

“அந்தப் பெண் என் நண்பரை அடித்தாளா?”

“இல்லை, சார்.”

“முகமூடியைப் பலவந்தமாக இழுத்தாளா?”

“ஆமாம், சார். பலவந்தமாகத்தான்.”

“அப்படிச் செய்ய வேண்டிய அவசியம் இருந்ததா?”

சின்னக் கிளாக்கர் சொன்னதையும் எஸ்தர் கூப்பிட்டதையும் சொல்ல அதுதான் இடம். மேசைக்கு அந்தப் பக்கம் தொரை எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கல்லறை மேடு நினைவுக்கு வந்தது.

“அது வெறும் விளையாட்டுத்தானே, சார்” என்றேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் சாத்தானுக்குப் படையல் என்று சொன்ன அதே வாய்.

திரும்பி வரும்போது அப்பா, “எஸ்தர் கத்துனத நீ சொல்லலியே” என்றார்.

“அவர் கேக்கலப்பா” என்றேன். அப்பா அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அடுத்த திங்கட்கிழமை காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் ஆயாவைக் கொழுந்து மலைக்கு அனுப்பினார்கள். பிள்ளைக்காம்பராவுக்கு வேறு ஒருத்தி வந்தாள். பத்து நாளில் பிள்ளைகள் எல்லாரும் சத்தமில்லாமல் வரிசையில் உட்காரப் பழகிவிட்டார்கள். என்ன சொல்லிப் பழக்கினாள் என்று நான் விசாரிக்கவில்லை.

ஆயா ஞாயிறு பள்ளிக்கு வருவதை நிறுத்தவில்லை. பல வருடம் மலைக்குப் போகாத கை. தேயிலைக் குச்சி கிழித்து விரலெல்லாம் துணி சுற்றியிருந்தது. பாடம் முடிந்து பிள்ளைகள் போன பிறகு என்னிடம் வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்தேன். எனக்கு அது வேண்டியும் இருந்தது.

“எஸ்தரு புள்ள தன்னாலதான் எனக்கு வேல போச்சுன்னு நெனச்சி அழுவுதுங்க” என்றாள். “தான் கத்துனதாலதான்னு சொல்லுது. நா இல்லன்னு சொன்னா சமாதானத்துக்குச் சொல்றதா நெனைக்கிது. நீங்க சொன்னா கேக்கும்.”

“நா என்ன சொல்றது?”

“நடந்தத சொல்லுங்க. ஒபிசுல கேட்டப்ப ஒங்களுக்கு எடுத்துச் சொல்ல முடியாமப் போச்சின்னு சொல்லுங்க.”

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தோட்டத்தில் எது யாருக்குத் தெரியாமல் இருக்கும்?

“தொரை மேசைக்கு முன்னால போயி நின்னா ஆம்பளைங்களுக்கே நாக்கு ஒட்டிக்கிரும். நீங்க வயசுப் புள்ள. பயந்துட்டீங்க. அதுல ஒரு தப்பும் இல்ல டீச்சரம்மா. அதையே மனசுல வச்சிக்கிட்டு இருக்காதீங்க.”

நான் தலையை ஆட்டினேன். பயந்துவிட்டேன்தான் என்கிற மாதிரி ஆட்டினேன். அவள் துணி சுற்றிய கையால் என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

அன்று மத்தியானம் எஸ்தரைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். “ஆயாவுக்கு வேல போனது ஒன்னால இல்ல. தொரை என்கிட்டதான் கேட்டாரு. நா சரியாச் சொல்லல.”

“ஏங்க்கா?”

உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆயா கொடுத்த பதில் நாக்கில் தயாராக இருந்தது. “பயந்துட்டேன்” என்றேன்.

எஸ்தர் என்னை அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை. அவள் கண்ணில் நான் யாருக்கும் பயப்படாத அக்கா. எழுந்து வந்து என் மடியில் ஏறிக்கொண்டு, இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்தாள். “இனிமே தொரைகிட்ட போறதா இருந்தா என்னையும் கூட்டிக்கிட்டுப் போங்க” என்றாள். அன்றிலிருந்து அவள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வீட்டுக்கு வந்தாள். நான் தனியாக இருக்கக்கூடாது என்று.

ஆறு வருடம் பால் கரைத்தும் கிடைக்காதது எனக்கு ஒரு பொய்யில் கிடைத்தது.

மறு வருடமும் தொரைசாணி பிள்ளைகளைக் கூப்பிட்டார். இருட்டு அறை இல்லை, பூசணிக்காயும் பேரிக்காயும் மட்டும். போதகரும் வந்து ஒரு பேரிக்காயைக் கவ்விப் பார்த்தார். பிள்ளைகளைக் கூட்டிப்போனது நான்தான். ஆயா அன்று மலையில் இருந்தாள். தொரையிடம் போய் நடந்ததைச் சொல்ல அதற்குப் பிறகும் எனக்கு எத்தனையோ நாட்கள் இருந்தன. தொரைசாணியிடமாவது சொல்லியிருக்கலாம். எஸ்தர் பக்கத்தில் இருக்கும்போது எதற்கு என்று விட்டுவிட்டேன்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. தொரைமார் போனார்கள். ஒரு வேளைச் சோற்றுக்கே வழியில்லாத காலம் வந்தது. தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தில் பேர் வந்து ஆயாவும் தன் மகனோடு போனாள். நான் அப்போது பூனாகலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். லீவு கிடைக்கவில்லை என்று வழியனுப்பப் போகவில்லை. லீவு கேட்கவில்லை என்பதுதான் சரி. எஸ்தர் ஹாலிஎல ஸ்டேஷன் வரை போய் அழுதுவிட்டு வந்தாள். “ஆயா ஒங்களத்தான் கேட்டாங்கக்கா. டீச்சரம்மா இப்ப தைரியமா இருக்காங்களான்னு கேட்டாங்க” என்றாள்.

“நீ என்ன சொன்ன?”

“நா பாத்துக்கிறேன்னு சொன்னேன்.”

எஸ்தருக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அவள் வீட்டில்தான் இருக்கிறேன். ஆயாவைப் பற்றி அந்தப் பிள்ளைகளுக்கு அவள் சொல்லாத நாள் இல்லை. முகமூடியை இழுத்ததைச் சொல்லும்போது அவள் முகத்தில் வருகிற வெளிச்சம் என்னைப் பற்றிப் பேசும்போது வருவதில்லை. இந்த வயதிலும் எனக்கு அது தெரிகிறது, உறுத்துகிறது. கதையின் கடைசியில் அவள் குரலைத் தாழ்த்தி, “ஒங்க பெரிய பாட்டி பாவம், அன்னைக்கி ரொம்பப் பயந்துட்டாங்க” என்பாள். பிள்ளைகள் திரும்பி என்னைப் பரிவோடு பார்ப்பார்கள். சின்னவள் எழுந்து வந்து பக்கத்தில் ஒட்டி உட்காருவாள்.

நான் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் கொடுப்பேன்.